ரிட்ரீட் மையத்துக்கு வீல்சேரோடு: முன்பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

அக்காவையும் அவளுடைய வீல்சேரையும் கூட்டிக்கொண்டு, காட்டுக்குள் இருக்கும் ஒரு ரிட்ரீட் மையத்தில், அதாவது தியானத்துக்கும் ஓய்வுக்கும் போய்த் தங்கும் இடத்தில், ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தேன். பதிவு செய்யும்போது போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன்: "வீல்சேர் வசதி இருக்கிறதா?" "எல்லாம் இருக்கிறது, கவலைப்படாமல் வாருங்கள்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அறை வாசலில் சாய்தளம் இருந்தது. குளியலறைச் சுவரில் கைப்பிடி இருந்தது. ஆனால் வண்டி நின்ற இடத்திலிருந்து அந்தச் சாய்தளம் வரைக்கும் 200 மீட்டர் சரளைக்கல் பாதை. முன்சக்கரங்கள் பத்தடிக்கு ஒருமுறை புதைந்தன. கடைசியில் நான்கு பேர் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு உலகத்திலேயே பிடிக்காத விஷயம் அது. உள்ளே போய்ப் பார்த்தால் குளியலறைக் கதவின் வழி 62 செ.மீ., நாற்காலி 64 செ.மீ.

அந்த இரண்டு செ.மீ.யை எப்படிச் சமாளித்தோம் என்பது கடைசியில். முதல் தடவை போகிறவர்கள் எங்களைப் போலத் தூக்கிச் சுமக்கப்பட வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். வீல்சேரை வைத்துச் சொன்னாலும், முழங்கால் வலிக்காரர்கள், இரவில் சீபேப் கருவியோடு (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தருவது) தூங்குகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

1. முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

கிளம்புவதற்கு எட்டு வாரம் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். ஒரு பக்கத் தாள் போதும். நாற்காலியின் முழு அகலம், கால்பலகையோடு சேர்த்து முழு நீளம், தரையிலிருந்து இருக்கையின் உயரம், நாற்காலியின் எடை ஆகியவற்றைக் குறியுங்கள். மோட்டார் நாற்காலி என்றால் பேட்டரியின் வகையும், அதில் எவ்வளவு மின்சாரம் சேமிக்கலாம் என்று சொல்லும் வாட்-மணி அளவும் வேண்டும்.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. வாங்கும்போது பில்லில் 18 அங்குலம் என்று எழுதியிருப்பது உட்காரும் இடத்தின் அகலம். கதவுக்குள் நுழைய வேண்டியது, சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் கை வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து மறுபக்க வளையத்தின் வெளி விளிம்பு வரை உள்ள அகலம். கையால் தள்ளும் நாற்காலிகளில் இது இருக்கையைவிடச் சுமார் 20 செ.மீ. கூடுதலாக இருக்கும். அதோடு தள்ளுகிறவரின் விரல் முட்டிகளுக்கும் இடம் வேண்டும். டேப் வைத்து அளந்துவிடுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

பிறகு உடம்பைப் பற்றிய விவரங்கள். எத்தனை மீட்டர் நடக்க முடியும்? கைப்பிடி இருந்தால் எத்தனை படி ஏற முடியும்? இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும்? எந்த மருந்துக்குக் குளிர்ச்சி வேண்டும்? எந்தக் கருவிக்கு எத்தனை வாட்? இதையெல்லாம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். அக்கா முதலில் மறுத்தாள். "ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது மேலா, போகிற இடத்திலெல்லாம் நாலு பேரிடம் வாயால் சொல்வது மேலா?" என்று கேட்டதும் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

2. மையத்திடம் அளவு கேளுங்கள், படம் கேளுங்கள்

"வசதி இருக்கிறதா" என்ற கேள்விக்கு எந்த மையமும் இல்லை என்று சொல்லாது. ஒருவருக்கு வசதி என்றால் சாய்தளம், இன்னொருவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட், மற்றொருவருக்குத் தூக்கிவிட ஆள். அதனால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியே வேண்டாம். செ.மீ.யில் பதில் வர வேண்டும். போனில் பேசலாம், ஆனால் பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ எழுதி அனுப்பி, "சரிதானா?" என்று பதில் வாங்கிவிடுங்கள். பின்னால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் அந்த எழுத்துதான் உதவும்.

பாதை: என் அனுபவத்தில் அறையைவிடப் பாதைதான் காலை வாருகிறது. வண்டி நிற்கும் இடம், அறை, சாப்பாட்டுக் கூடம், தியானக் கூடம், பொதுக் கழிப்பறை என ஒவ்வொன்றுக்கும் இடையில் எத்தனை மீட்டர், தரை எப்படிப்பட்டது, எத்தனை படி என்று கேளுங்கள். சிமெண்ட், தட்டிக் கெட்டித்த மண், மரப்பலகை இவையெல்லாம் சரி. சரளை, மணல், புல்வெளி, இடைவெளி விட்டுப் பதித்த கல் இவை எல்லாம் தொல்லை. நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, எடை ஏறியதும் உடனே புதையும்.

எழுதிக் கேட்டால் "நல்ல பாதைதான்" என்று பதில் வரும். அதற்கு ஒரு வழி உண்டு. மையத்தில் யாரையாவது சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்றை வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வரை இழுத்துக்கொண்டு நடந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சூட்கேஸ் சக்கரம் எங்கே திணறுகிறதோ அங்கே உங்கள் முன்சக்கரமும் திணறும். வீடியோ எடுக்கிறவருக்கே அப்போதுதான் தன் பாதை எப்படி இருக்கிறது என்று தெரியவரும்! மழைக்குப் பிறகு அந்தப் பாதை எப்படி இருக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சாய்தளம்: இருக்கிறது என்பது போதாது, எவ்வளவு சரிவு என்பது முக்கியம். பல நாட்டுக் கட்டட விதிகளிலும் புழங்கும் அளவு 1:12. அதாவது 15 செ.மீ. உயரப் படி ஒன்றுக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம். மூன்று படி என்றால் 5.4 மீட்டர் வேண்டும். இரண்டு படிக்கு மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ரேம்ப் என்று சொல்கிற இடங்கள் உண்டு. அதில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. மட்டம் பார்க்கும் வசதி பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் கிடைக்கும், இல்லாவிட்டால் செயலியாக. போனைச் சாய்தளத்தின் மேல் வைத்து எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி.

கதவும் குளியலறையும்: கதவை முழுதும் திறந்து வைத்தபின் மிச்சமிருக்கும் வழியைத்தான் அளக்க வேண்டும், சட்டத்தின் அகலத்தை அல்ல. 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலான நாற்காலிகள் போகும். உள்ளே நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 150 செ.மீ. விட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் நேராகப் போய்ப் பின்னோக்கி வர வேண்டியதுதான். பழகியவர்களுக்கு அதுவும் முடியும். டாய்லெட் இருக்கையின் உயரம் 43 முதல் 48 செ.மீ. இருப்பது நல்லது. அதன் பக்கத்தில் நாற்காலி வந்து நிற்க இடம் இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். அழகுக்காக அங்கே ஒரு பூந்தொட்டி வைத்திருப்பார்கள்.

கைப்பிடி என்று அவர்கள் காட்டுவது துண்டு போடும் கம்பியாக இருக்கலாம். உடம்பின் எடையைப் போட்டால் சுவரோடு பெயர்ந்து வரும். கம்பி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கிட்டத்தில் ஒரு படம் வாங்குங்கள். குளிக்கும் இடத்தில் தண்ணீர் தடுக்கும் திண்டு, கையில் பிடிக்கும் ஷவர், உறுதியான நாற்காலி இவற்றையும் விசாரியுங்கள்.

இயற்கையோடு இயைந்து நடத்தும் மையங்களில் தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறைகள் இருக்கலாம். கருத்து நல்ல கருத்துதான். ஆனால் அடியில் தொட்டி வைக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் அதை மேடையில் கட்டுகிறார்கள், ஏறப் படிகள் இருக்கும். தண்ணீர் ஊற்றும் கழிப்பறை ஒன்றாவது தரைமட்டத்தில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

படுக்கை: தரையில் மெத்தை போடுவது இத்தகைய இடங்களில் சகஜம். நாற்காலி இருக்கையின் உயரத்துக்குக் கட்டில் இருந்தால்தான் சறுக்கி மாற முடியும். ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கி மாற்றும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் அதன் கால்கள் நுழைய இடைவெளி உண்டா என்று பாருங்கள். பெட்டி வைத்த கட்டிலில் நுழையாது.

3. மின்சாரத்தைக் கணக்குப் போடுங்கள்

"மின்சாரம் இருக்கிறது" என்பதும் "வசதி இருக்கிறது" என்பதன் தம்பிதான். சோலாரில் ஓடும் இடங்களில் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு மட்டும் எரியும், பிளக் வேலை செய்யாது. ஜெனரேட்டரை அமைதிக்காக நிறுத்திவிடுவார்கள். கேட்க வேண்டியது இரவு முழுதும் என் அறைப் பிளக்கில் எத்தனை வாட் கிடைக்கும் என்பது.

உதாரணமாக, 30 வாட் இழுக்கும் சீபேப் கருவி எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் இது 20 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 40 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். ஈரப்பதம் தரும் சூடான தொட்டியையும் ஓடவிட்டால் கணக்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அந்தச் சில இரவுகள் அதை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரும் கருவி 300 வாட் அளவில் இழுக்கும். அதைச் சிறிய சோலார் அமைப்பு தாங்காது. அங்கே பிடிவாதம் பிடிக்காமல் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

இன்வெர்ட்டர் தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரம் போலச் சீரான மின்சாரம், தருகிறதா என்றும் கேளுங்கள். மலிவான இன்வெர்ட்டரில் சில மருத்துவக் கருவிகள் ஓடாது, சில சூடேறும். மோட்டார் நாற்காலி சார்ஜ் ஏற எட்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால் பகலில் வெயில் இருக்கும்போதே சார்ஜ் போட அனுமதி வாங்கி வையுங்கள்.

4. தாள்களைச் சேருங்கள்

மருத்துவரின் கடிதம் முதலில். நோயின் பெயர், மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, கூட எடுத்துப்போகும் ஊசி, கத்தீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்), கருவி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் வேறு ஊரின் மருந்துக்கடையில் உதவாது. இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் கூட வருகிறவரிடம் கொடுங்கள். மருத்துவர் நேரம் ஒதுக்கிக் கடிதம் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். 2500 மீட்டருக்கு மேல் உள்ள இடம் என்றால், இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் அந்த உயரத்தைச் சொல்லியே சம்மதம் கேட்க வேண்டும்.

விமானத்தில் போவதாக இருந்தால் வீல்சேர் விவரத்தைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சொல்வது இன்னும் நல்லது. லித்தியம் பேட்டரி நாற்காலிக்கு வாட்-மணிக் கணக்கு கேட்பார்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் வழக்கமான வரம்பு 300 வாட்-மணி. மாற்றுப் பேட்டரி கொண்டுபோனால் 300-இல் ஒன்று அல்லது 160-இல் இரண்டு, அதையும் கையோடு கேபினில்தான் எடுத்துப்போக வேண்டும். பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். எண் அழிந்த பேட்டரியோடு கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை.

காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள், பிரீமியம் கூடினாலும் சரி. மறைத்தது தெரிந்தால் மொத்தக் கோரிக்கையும் போய்விடும். தொலைவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவு அடங்குமா, நாற்காலி உடைந்தால் அடங்குமா என்ற இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள். காப்புக்காடு வழியாகப் போகும் இடமென்றால் நுழைவு அனுமதியில் உதவியாளர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வழிகாட்டி நாயை அழைத்துப்போகிறவர்கள் அதற்குத் தனியாக எழுத்து அனுமதி வாங்குங்கள். மையம் சம்மதித்தாலும் காட்டுக்குள் நாய் விடமாட்டார்கள் என்பது நடக்கக்கூடியது.

5. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

அறை வாடகை பெரிய விஷயமே இல்லை. கூட வருகிற உதவியாளருக்கு முழுக் கட்டணமா, பாதியா, சாப்பாட்டுக்கு மட்டுமா என்று கேளுங்கள். கேட்டால் குறைக்கிறார்கள், கேட்காவிட்டால் முழுதாகப் போடுகிறார்கள். பொதுக்கூடத்தில் படுக்க முடியாததால் தனி அறை எடுக்கிறீர்கள் என்றால், கூடத்துக் கட்டணத்திலேயே தரச் சொல்லிப் பாருங்கள். கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கு ஜீப், குளியல் நாற்காலி வாடகை, மடக்கு ரேம்ப் வாடகை, வழியில் ஓர் இரவுத் தங்கல் இவையெல்லாம் தனித்தனியாக வந்து சேரும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "சொன்ன அளவுகள் நேரில் வேறாக இருந்து தங்க முடியாமல் போனால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்." இதை எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் அளவுகள் சரியாக இருக்காது என்பது என் கணிப்பு. அந்த வரியை நாங்கள் வாங்கவில்லை, அதனால் திரும்பி வரவும் முடியவில்லை.

6. பயண நாள்

ஒரே மூச்சில் போகாதீர்கள். அருகிலுள்ள ஊரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பகல் இரண்டு மணிக்குள் மையத்தில் இறங்குங்கள். ஏதாவது சரியில்லை என்றால் வெளிச்சத்திலேயே திரும்பலாம், அல்லது மாற்று ஏற்பாடு செய்யலாம். நாங்கள் இருட்டியபின் போய்ச் சேர்ந்தோம்.

ஜீப் இருக்கை நாற்காலியைவிட ஒரு சாண், சில நேரம் இரண்டு சாண் உயரம். இருக்கை விட்டு இருக்கை சறுக்கி மாற உதவும் சறுக்குப் பலகை அந்த உயரத்துக்கு ஏறுமா என்று வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். தாழ்வான கார் வர முடியும் என்றால் அதுவே மேல். விமானத்தில் நாற்காலியை ஒப்படைக்கும்போது குஷன், கால்பலகை, ஜாய்ஸ்டிக் போன்றவற்றைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் நிலையில் நாலு பக்கமும் படம் எடுங்கள்.

7. போய் இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

சாமானை இறக்காதீர்கள், வண்டியையும் அனுப்பாதீர்கள். முதலில் அறை, குளியலறை, சாப்பாட்டுக் கூடம் மூன்றுக்கும் நாற்காலியிலேயே போய் வாருங்கள். பிறகு சாமான்.

சரளை வந்தால் முன்னோக்கித் தள்ளி மல்லுக்கட்ட வேண்டாம். நாற்காலியைத் திருப்பி, லேசாகப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்தின் மேல் பின்னோக்கி இழுங்கள். இது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால் நான்கு பேரைக் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

அப்புறம் அவசரம் என்றால் என்ன செய்வது என்று கேளுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட இரவு இரண்டு மணிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்பது சரி. வண்டிச் சாவி இரவில் யாரிடம் இருக்கும்? சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும்? உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் எட்டினால் அவசர உதவி எண் 112 போகும். எதுவுமே எட்டாத பள்ளம் என்றால் அதுவும் போகாது, மையத்தின் சாட்டிலைட் போனோ வாக்கிடாக்கியோதான் கதி. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். ஆம்புலன்ஸ்காரருக்கு "ஆலமரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்லி வழிகாட்ட முடியாது.

இருட்டுவதற்குள் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு ஒரு ஒத்திகை. இரவில் தனியாகப் போக முடியுமா, விளக்கு சுவிட்ச் எட்டுமா, கூப்பிட்டால் கேட்குமா என்று பாருங்கள். ஒரு விசில் கழுத்தில் இருந்தால் மௌன நாளில்கூட யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

8. தங்கும் நாட்களில்

மௌனம், அதிகாலை எழுச்சி, எல்லோரோடும் தரையில் உட்காருதல் என்று விதிகள் இருக்கும். உங்களுக்கு எதில் விலக்கு வேண்டுமோ அதை முதல் நாளே பொறுப்பாளரிடம் சொல்லி, மற்ற ஊழியர்களுக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். காது கேளாதவருக்கு மணியடித்தால் பயனில்லை. தீ விபத்து என்றால் யார் வந்து தட்டி எழுப்புவது என்று பெயரோடு முடிவாக வேண்டும். பார்வையற்றவரை முதல் நாளே எல்லா வழிகளிலும் நடத்திக் கூட்டிச் சென்றுவிடுங்கள். கேட்டால் பாதையோரம் கயிறு கட்டித் தருகிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடையை மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத் தியானம் என்று சொல்லி அசையாமல் இருந்தால் புண் வரும். அக்கா கூடத்தின் கடைசி வரிசையில், கதவுப் பக்கம் இடம் பிடித்தாள். கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. வெயிலில் உடம்பு சூடாவது அவர்களுக்கே தெரியாமல் போகலாம். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றைக் கூட வையுங்கள்.

இன்சுலின் திறக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தபின் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும், உங்கள் பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும். உறைந்ததை உருக்கிப் போடக் கூடாது.

9. பையில் என்ன வைக்க வேண்டும்

பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று டியூப், உங்கள் டயர் வால்வுக்குப் பொருந்தும் பம்ப் (பொருந்துகிறதா என்று வீட்டிலேயே காற்றடித்துப் பாருங்கள்). காட்டு முள் டயரைச் சும்மா விடாது. தலையில் மாட்டும் டார்ச், இரண்டு நாளுக்குக் கூடுதலாக மருந்தும் கத்தீட்டரும், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், கையுறை, அளவு டேப்.

கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவர். திறந்து வைத்த கதவின் பலகைத் தடிமனே வழியில் மூன்று நான்கு செ.மீ.யைத் தின்றுவிடுகிறது. மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கீலைக் கழற்றிக் கதவைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். 62 செ.மீ. வழி 66 ஆயிற்று. மறைப்புக்கு ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். ஐந்து நாளும் அக்கா அதற்குள் போகும்போது "யாரும் வராதீர்கள்" என்று சத்தமாகப் பாடிக்கொண்டே போனாள், மௌன நாள் உட்பட.